சைக்கிளை ஓரங்கட்டுங்க... ஒரு நாள் நடந்து பாருங்க!

சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்பும் எல்லோருக்கும் நாலாவது நாள் காலையில் ஒரு வியாதி வரும். சீட்டைப் பார்த்தாலே உட்கார மனசு வராது. பெடலில் கால் வைத்தால் முட்டி ரெண்டும் ‘எங்களை விட்டுடேன்’ என்று கெஞ்சும். ஆனால், லீவு இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்கும். லாட்ஜ் ரூமில் படுத்து டி.வி. பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?

இதற்குக் கைவசம் ஒரு வைத்தியம் இருக்கிறது பாஸ். சைக்கிளைப் பூட்டிப் போட்டுவிட்டு, அன்று முழுக்க நடங்கள்!

“சைக்கிள் மிதிச்சே கால் செத்துப்போச்சு, இதுல நடக்க வேறயா?” என்கிறீர்களா? விஷயம் இருக்கிறது. சைக்கிளில் உங்கள் உடம்பு எடையை சீட் தாங்கிக்கொள்ளும். நடக்கும்போதுதான் கால் தன் முழு வேலையையும் செய்யும். மூன்று நாளாக ஒரே மாதிரி சுற்றிக்கொண்டிருந்த காலுக்கு மேடு, பள்ளம், பாறை, வரப்பு எல்லாம் ஒரு மாறுதல். முதுகு நிமிரும். கைப்பிடியைப் பிடித்து மரத்துப்போன விரல்கள் உயிர் பெறும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மலை இறங்கும்போது முன்தொடை தசைகள் இழுபட்டுக்கொண்டே வேலை செய்யும். சைக்கிள் ஓட்டிப் பழகிய காலுக்கு இது புதுசு. அதனால் மறுநாள் படி இறங்கும்போது ‘அம்மா!’ என்று கத்துவீர்கள். அதற்காகத்தான் நடையைக் கடைசி நாளில் வைக்காமல், அதற்கு முந்தின நாளில் வைக்கச் சொல்கிறேன். கடைசி நாள் சமதரையில் மெதுவாக மிதித்து வீடு திரும்பினால், பிடித்த தசை கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும்.

சரி, எங்கே போகலாம்? ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் வேண்டாம். மதுரைக்குப் போங்கள்!

மூணு நாள் டயர் சத்தம்

மதுரை என்றதும் மல்லிகைப்பூ, ஜிகர்தண்டா, மீனாட்சியம்மன் கோயில் என்று அடுக்குவீர்கள். அதைத் தாண்டி, மதுரையைச் சுற்றி வட்டமாக நிற்கிற குன்றுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் சமண முனிவர்கள் தங்கிய மலைகள் இவை. ‘எண்பெருங்குன்றம்’ என்று எட்டு மலைகளைச் சேர்த்துச் சொல்கிற வழக்கமே உண்டு. ஒவ்வொரு குன்றும் அடுத்த குன்றிலிருந்து சைக்கிள் தூரம்தான். சாலைகள் பெரும்பாலும் சமதரை. கியர் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை. நாங்கள் போனபோது ஐந்து பேரில் ரெண்டு பேர் ஓட்டியது பள்ளிக்கூட காலத்து சைக்கிள்!

முதல் நாள், மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி. மலையடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். அங்கிருந்து மேலே ஏறினால் செட்டிப்புடவு குகையில் பாறையில் செதுக்கிய பெரிய தீர்த்தங்கரர் உட்கார்ந்திருப்பார். இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளத்தில் சிற்பங்கள் வரிசையாக நிற்கும். கீழே வட்டெழுத்தில் கல்வெட்டுகள்.

ரெண்டாவது நாள், நகரத்தைக் கடந்து வடக்கே அழகர்கோவில். மூன்றாவது நாள் காலையில் அழகர்மலையின் கிடாரிப்பட்டி குகை. இந்தக் குகைக்குக் காசு கொடுத்தவர்கள் லிஸ்ட்டைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். உப்பு வணிகன், வெல்லம் விற்கும் பணித வணிகன், ஏருக்குக் கொழு விற்கும் வணிகன், துணி விற்கும் அறுவை வணிகன்! ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய மதுரைக் கடைத்தெரு அப்படியே பாறையில் எழுதியிருக்கிறது.

அன்று மதியம் மேலூர். அங்கிருந்து கீழவளவு பஞ்சபாண்டவர் மலை. இங்குள்ள தமிழ் பிராமி கல்வெட்டு தலைகீழாக, இடவலம் மாற்றி வெட்டப்பட்டிருக்கிறது. தொண்டியைச் சேர்ந்த ஒருவர் கொடுத்த பள்ளி என்கிறது அது. கடற்கரை ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து ஒரு குகைக்கு நன்கொடை!

கீழவளவு போகும் வழியில் இன்னொரு காட்சியும் கண்ணில் படும். கேக் வெட்டின மாதிரி செங்குத்தாக அறுக்கப்பட்ட கிரானைட் குவாரிகள். அடியில் பச்சையாகத் தேங்கிய தண்ணீர். மேலூர் பக்கத்துக் கிரானைட் முறைகேடு 2012-ல் பெரிய அளவில் வெளியே வந்து, பிறகு 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ.சகாயத்தை விசாரணைக்கு நியமித்தது வரை நீங்கள் படித்திருப்பீர்கள். பேப்பரில் படிப்பது வேறு. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பது வேறு. ஒரு குன்று இருந்த இடம் இப்படித்தான் ஆகும் என்று தெரிந்துகொண்டு, நாலாவது நாளுக்கு வாருங்கள்.

நாலாவது நாள்: அரிட்டாபட்டி

மேலூருக்கு மேற்கே உள்ள சின்ன ஊர் அரிட்டாபட்டி. விடியும்போதே போய்விடுங்கள். டீக்கடையில் ஒரு டீ, ஒரு வடை. “அண்ணே, சைக்கிளை இங்க நிப்பாட்டிக்கலாமா?” என்று கேளுங்கள். நாங்கள் கேட்டபோது கிடைத்த பதில்: “தாராளமா நிப்பாட்டுங்க தம்பி. எங்கிட்டு, மலைக்கா? தண்ணி எடுத்துக்கிட்டீங்களா?”

இந்தத் தண்ணிக் கேள்வியை அன்று நாலு பேர் கேட்டார்கள். காரணம் மேலே போனால்தான் தெரியும். பாறையில் நிழல் கிடையாது!

ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள். கழிஞ்சமலை, தேன்கூட்டு மலை, ராமாயி மலை, வயித்துப்பிள்ளான் மலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். தூரத்தில் சைக்கிளில் வரும்போது எல்லாமே ஒரே மாதிரி, மொட்டைப் பாறையாகத்தான் தெரியும். ‘இதுல என்னடா இருக்கு?’ என்று தோன்றும். அந்தக் கேள்வியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் தேவைப்படும்.

முதலில் குடைவரைக் கோயில். பாண்டியர் காலத்தில், 7-8ம் நூற்றாண்டு வாக்கில், ஒரே பாறையைக் குடைந்து செய்த சிவன் கோயில். வாசலில் துவாரபாலகர்கள். பக்கத்தில் பிள்ளையார். அதுவரைக்கும் வழக்கமான சங்கதிதான். இன்னொரு பக்கம் கையில் தடியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் லகுலீசர். பாசுபத சைவத்தின் ஆசான். குஜராத் பக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர். தமிழ்நாட்டில் அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். குஜராத் எங்கே, மேலூர் எங்கே? பஸ்ஸும் ரயிலும் இல்லாத காலத்தில் ஒரு தத்துவம் கால்நடையாகவே இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

அடுத்து மலையின் இன்னொரு பக்கத்தில் சமணர் குகை. இயற்கையான குகைதான். உள்ளே கல்லில் வழவழவென்று செதுக்கிய படுக்கைகள். தலை வைக்கும் இடம் மட்டும் லேசாக உயர்ந்திருக்கும். கல் தலையணை! குகை வாசலுக்கு மேலே பாறையில் நீளமாக ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். அதற்குக் காடி என்று பெயர். மழைத் தண்ணி பாறையில் வழிந்து வரும்போது உள்ளே போகாமல் அந்தக் காடியோடு வெளியே சொட்டிவிடும். சமண முனிவர்கள் ஊர் ஊராக நடந்துகொண்டே இருப்பவர்கள். மழைக்காலத்தில் மட்டும் ஒரே இடத்தில் தங்குவார்கள். ஆக, இது ஒரு மழைக்கால ஹாஸ்டல். சிவில் படிக்கிறவர்களே, உங்கள் ஹாஸ்டல் ரூமில் மழைக்கு ஒழுகுகிற இடத்தை நினைத்துக்கொண்டு அந்தக் காடியை ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். ரெண்டாயிரம் வருஷ வாரன்ட்டி!

காடியை ஒட்டித் தமிழ் பிராமியில் எழுத்து. நெல்வேலி என்ற ஊர்ப் பெயரும், இந்தக் குகையைச் செய்து கொடுத்தவன் பெயரும் அதில் இருக்கிறது. பக்கத்தில் 10ம் நூற்றாண்டு வாக்கில் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பம், வட்டெழுத்துக் கல்வெட்டோடு.

இங்கே ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். மதுரையின் சமண மலைகளில் பல இடங்களில் கல்படுக்கை மேலேயே பெயின்ட்டிலும் ஆணியிலும் பெயர் எழுதி, நடுவில் ஹார்ட்டின் போட்டு வைத்திருக்கிறார்கள் நம்ம மக்கள். பிராமியில் பெயர் வெட்டியவனும் பெயர்தான் வெட்டினான். ஆனால், அவன் அடுத்தவன் நனையாமல் படுக்க ஒரு இடம் கொடுத்துவிட்டு வெட்டினான். நாம் என்ன கொடுத்துவிட்டு எழுதுகிறோம்? காதல் உண்மையா இருந்தா, ஆளிடம் நேராகப் போய்ச் சொல்லுங்க தலைவா. பாறையை விட்டுடுங்க!

மொட்டைப் பாறையும் எழுபத்திரண்டு கண்மாயும்

வெயில் ஏறுவதற்குள் பாறை மேலே ஏறிவிடுங்கள். நல்ல பிடிப்புள்ள செருப்போ ஷூவோ இருந்தால் போதும். மேலே போய்த் திரும்பிப் பாருங்கள். இந்த நாளின் முக்கியமான பாடம் அங்கேதான் இருக்கிறது.

கீழே தண்ணீர். ஒன்று, ரெண்டு, மூன்று... கண்ணுக்கு எட்டிய வரை துண்டு துண்டாகக் கண்மாய்கள், ஊருணிகள். நடுவில் பச்சை வயல். இந்தப் பகுதியில் 72 ஏரிகளும், 200 இயற்கைச் சுனைகளும், மூன்று தடுப்பணைகளும் இருப்பதாக அரசின் கணக்கு. ஆனைகொண்டான் கண்மாய் 16ம் நூற்றாண்டில் பாண்டியர் கட்டியது என்கிறது அதே குறிப்பு.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? பக்கத்தில் ஆறு எதுவும் ஓடவில்லை. பதில் உங்கள் காலுக்குக் கீழே! மண் தரையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு அங்கேயே ஊறிவிடும். மொட்டைப் பாறையில் பெய்தால் ஊறாது, வழிந்து கீழே ஓடும். அந்த ஓட்டத்தை வரத்துக்கால் வெட்டிப் பிடித்து, அடிவாரத்தில் கண்மாயில் நிறுத்தியிருக்கிறார்கள். அது நிரம்பினால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு. அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. பாறையின் வெடிப்புகளில் புகுந்த தண்ணி சுனையாகக் கசியும். நாம் ‘ஒண்ணுமில்லாத மலை’ என்று நினைத்தது, இந்த ஊர்களின் மொட்டை மாடி. மழைநீர் சேகரிப்பு என்று நம் வீட்டில் குழாய் போட்டோமே, அதன் பெரியப்பா!

மேலே ஒரு அப்பத்தா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து அவர்தான் முதலில் பேச்சுக் கொடுத்தார்.

“எந்த ஊருப்பா?”

சொன்னோம்.

“படம் பிடிக்க வந்தீகளா?”

“இல்ல அப்பத்தா, சும்மா நடந்து பாக்கலாம்னு.”

“பாருங்க, பாருங்க. மொட்டையாக் கெடக்குன்னு மட்டும் நெனச்சிராதீக. இதுல பேயிற மழ அம்புட்டும் எங்க கம்மாய்க்குத்தான் வரும்.”

அந்த ஒரு வரியைத்தான் மேலே நான் ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறேன்.

வானத்தையும் கொஞ்சம் பாருங்கள். இந்தக் குன்றுகளில் சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. அதில் வி.ஐ.பி.க்கள் மூன்று பேர். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு. மூன்றுமே வேட்டைப் பறவைகள். மேலிருந்து பாய்ந்து இரையைத் தூக்கும் இவற்றுக்குச் செங்குத்தான பாறையும், கீழே திறந்த வெளியும் வேண்டும். ரெண்டும் இங்கே இருக்கிறது. தேவாங்கு, அழுங்கு, மலைப்பாம்பும் இந்த வட்டாரத்தில் உண்டு. அவை பகலில் உங்களுக்குக் காட்சி கொடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர்கள் நைட் ஷிப்ட்!

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு ‘பல்லுயிர் பாரம்பரியத் தலம்’ என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் அந்தப் பெயர் வாங்கிய முதல் இடம் இதுதான்.

மதியத்துக்கு மேல் மாங்குளம்

கட்டிக்கொண்டு வந்த சோற்றை மர நிழலில் காலி செய்துவிட்டு, ஒரு மணி நேரம் கண்ணை மூடுங்கள். வெயில் சாய்ந்ததும் மாங்குளம் பக்கம், மீனாட்சிபுரத்து மலைக்கு நடையைக் கட்டலாம். வழி முழுக்க வரப்பு, கண்மாய்க் கரை, பனைமரம். பாதை பிரியும் இடத்தில் போனை நோண்ட வேண்டாம். வயலில் நிற்கிறவர்களைக் கேளுங்கள். “அந்தா தெரியுதுல்ல ஒத்தப் பனை, அதுக்கு அங்கிட்டு” என்று வழி வரும். மேப்பில் ஒத்தப் பனையெல்லாம் இருக்காது.

இங்கேயும் ஏற்றம் கொஞ்சம் மூச்சு வாங்கும். மேலே குகைகள், படுக்கைகள், ஆறு தமிழ் பிராமி கல்வெட்டுகள். தமிழ் எழுத்து வரலாற்றைப் பற்றிப் பேசுகிற யாரும் இந்த மலையைத் தொடாமல் போக முடியாது. கணி நந்தன் என்ற முனிவருக்காக இந்த இருப்பிடங்கள் செய்யப்பட்டன. கொடுத்தவர்களில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாள் ஒருவன் இருக்கிறான். வெள்ளறை என்ற ஊரின் ‘நிகமம்’, அதாவது வணிகர் சங்கமும் இருக்கிறது. பாட்டில் மட்டும் நாம் கேட்டிருந்த நெடுஞ்செழியன் என்ற பெயர் பாறையிலும் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது வேறு. ராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேய அதிகாரி 1882-லேயே இந்த எழுத்துகளைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டார். ஆனால், அது தமிழ்தான் என்று பிடிபடவே அடுத்த நூற்றாண்டு ஆனது. 1920-களில் கே.வி.சுப்பிரமணிய அய்யர் அந்தக் கதவைத் திறந்தார். நெடுஞ்செழியன் பெயரை ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னது 1960-களில். எண்பது வருஷத்துக்கு மேல் அந்த மலை பேசிக்கொண்டுதான் இருந்தது. நமக்குத்தான் காது கேட்கவில்லை.

அந்த எண்பது வருஷத்தில் யாராவது ‘இது சும்மா கிடக்கிற பாறை’ என்று வெடி வைத்திருந்தால்?

இப்போது காலையில் பத்திரமாக வைக்கச் சொன்ன கேள்வியை எடுங்கள். ‘இதுல என்னடா இருக்கு?’

நடந்து காப்பாற்றிய மலை

அதே கேள்விக்கு 2024-ல் ஒரு பதில் வந்தது. ‘டங்ஸ்டன் இருக்கிறது’ என்று. அந்த வருஷம் நவம்பர் 7-ம் தேதி, மேலூர் பக்கத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக் என்ற பெயரில் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்துக்கான சுரங்க ஏல முடிவை மத்திய அரசு அறிவித்தது. சுமார் ஐயாயிரம் ஏக்கர். நீங்கள் காலையிலிருந்து நடந்த பல்லுயிர்த் தலமும் அதற்குள் அடக்கம்.

டங்ஸ்டன் வேண்டாத பொருள் என்று சொல்ல முடியாது. உலோகங்களிலேயே அதிக வெப்பத்தில் உருகுவது அதுதான், 3,400 டிகிரி செல்சியஸுக்கும் மேல். பழைய குண்டு பல்பின் இழை அதில்தான். துளை போடும், வெட்டும் கருவிகளுக்கும் அது வேண்டும். மெட்டலர்ஜி படிக்கிற உங்கள் நண்பனைக் கேட்டால் அரை மணி நேரம் சொல்வான். அது நியாயமான தேவைதான். ஆனால், எந்த இடத்தில் தோண்டுவது என்பதை யார், எதைப் பார்த்து முடிவு செய்வது? காகிதத்தில் இந்த இடம் ஒரு பிளாக். நடந்து பார்த்தால் அது குடைவரை, கல்படுக்கை, 72 கண்மாய், வல்லூறு, அப்பத்தாவின் ஆடு.

ஊர்கள் எழுந்தன. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ம் தேதி தமிழக சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ம் தேதி, ஆயிரக்கணக்கான பேர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை நடந்தே போனார்கள். பெண்கள், பெரியவர்கள், விவசாயிகள். ஜனவரி 23-ம் தேதி மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்வதாக அறிவித்தது.

பாறை மேல் உட்கார்ந்திருந்த அந்த அப்பத்தாவிடம் இதைக் கேட்டோம்.

“நீங்களும் போனீங்களா?”

“போகாம? நடந்தேன்ல!”

“கால் வலிக்கலையா அப்பத்தா?”

“வலிச்சுச்சு. அதுக்காக?”

எங்களில் முட்டி வலிக்கு பேண்டேஜ் கட்டியிருந்த ஒருவன், அதற்கப்புறம் அன்று முழுக்க வலி பற்றிப் பேசவே இல்லை!

மதுரைக்கு இது புதுசும் இல்லை. 2010 வாக்கில் ஒத்தக்கடை யானைமலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கலாம் என்று ஒரு திட்டம் பேசப்பட்டபோதும் மக்கள் எதிர்த்தார்கள், மலை தப்பியது. அந்தக் காலகட்டத்தில்தான் எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் முன்னெடுப்பில் ‘பசுமை நடை’ தொடங்கியது. காலேஜ் பசங்கள், குழந்தைகளோடு குடும்பங்கள் என்று கூட்டிக்கொண்டு இந்த மலைகளுக்கு நடந்து போய், அங்கேயே உட்கார்ந்து அதன் கதையைக் கேட்கிற பழக்கம். ‘மலையைக் காப்போம்’ என்று கத்துவதற்கு முன், அந்த மலையில் ஒரு காலை நேரம் நடந்திருக்க வேண்டும். பார்க்காத மலைக்காக எத்தனை பேர் நடந்துவிடுவார்கள்?

கிளம்பும் முன்...

• டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான சமயம். பொங்கல் லீவு பெஸ்ட். ஏப்ரல், மே மாதங்களில் பாறை தோசைக்கல்!

• ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். தொப்பி. கடலை மிட்டாய், வாழைப்பழம். பிளாஸ்டிக் கவரைத் திருப்பி எடுத்து வர ஒரு பை.

• மழை பெய்தால் பாறையில் ஏறாதீர்கள். பாசி பிடித்த இடத்தில் வழுக்கினால், பிடிக்க எதுவும் இருக்காது.

• சுனையிலும் கண்மாயிலும் குதித்து நீச்சல் சாகசம் வேண்டாம். சில சுனைகள் ஊருக்குக் குடிதண்ணி, சில சாமிக்கானவை. ஆழம் தெரியாத குவாரிப் பள்ளம் பக்கமே போகாதீர்கள்.

• செருப்பைக் கழற்றச் சொல்லும் இடத்தில் கழற்றுங்கள். கோயில் பூட்டியிருந்தால் ஊரில் கேளுங்கள்.

• குளிர்காலம் வல்லூறுகள் கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கும் காலமும்கூட. கூடு இருக்கும் பாறைப் பக்கம் கூட்டமாகப் போவது, கத்துவது, டிரோன் விடுவது எல்லாம் நோ.

• குன்றுக்கும் காட்டுக்கும் வித்தியாசம் உண்டு. அழகர்மலையின் காப்புக்காட்டுக்குள் இஷ்டத்துக்கு நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்கக் கூடாது. காட்டு நடை வேண்டும் என்றால், வனத்துறை 2024-ல் ஆரம்பித்த ‘ட்ரெக் தமிழ்நாடு’ மூலம் அனுமதியோடும் வழிகாட்டியோடும் போங்கள்.

• தனியாகப் போக வேண்டாம். பெண்கள் குழுவாகப் போவதாக இருந்தால், முதல் நாளே ஊரில் ஒருவரிடம் பேசிவிட்டுப் போவது நல்லது. வழி காட்டக் கூட வருபவருக்கு அவருடைய ஒரு நாள் கூலியாவது கொடுங்கள்.

அஞ்சாவது நாள்

மறுநாள் காலையில் தொடை நிச்சயம் வலிக்கும். பரவாயில்லை. மேலூரிலிருந்து மதுரைக்கு நான்கு வழிச்சாலை. முப்பது கிலோமீட்டருக்குள்தான். விடிந்ததும் கிளம்பினால் லாரிகள் கம்மி. ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக மிதியுங்கள்.

வழியில் வெள்ளரிப்பட்டி என்று ஒரு போர்டு வரும். நேற்று மாங்குளத்துக் கல்வெட்டில் பார்த்தீர்களே வெள்ளறை, அந்த வணிகர்களின் ஊர் இதுதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். நாலு நாள் முன்னால் பஸ்ஸில் இந்த வழியாக வந்திருந்தால், அது உங்களுக்கு வெறும் பஸ் ஸ்டாப்.

நரசிங்கம்பட்டி வரும். ஜனவரியில் அந்த ஜனங்கள் நடக்கத் தொடங்கிய இடம். அங்கிருந்து தல்லாகுளம் வரைக்கும் நீங்கள் மிதிக்கப்போவது அவர்கள் நடந்த அதே ரோடு. சைக்கிளிலேயே அது நீளமாகத்தான் இருக்கும்.

அப்புறம் யானைமலை. படுத்திருக்கும் யானை மாதிரி, தும்பிக்கையை நீட்டிக்கொண்டு. அதன் அடிவாரத்தில் கி.பி. 770-ல் பாண்டிய மன்னனின் அமைச்சர் மாறன் காரி குடைவித்த நரசிம்மர் கோயில் இருக்கிறது. நேரம் இருந்தால் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்து வாருங்கள். நேரம் இல்லையா? அப்போதும் ஒரு நிமிஷம் நிறுத்தி, மலையைப் பாருங்கள். இனிமேல் எந்த மொட்டைப் பாறையைப் பார்த்தாலும், அதன் தண்ணி எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று உங்கள் கண் தானாகத் தேட ஆரம்பிக்கும்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலும் ஒரு குன்று இருக்கும். தினமும் காலேஜ் பஸ் ஜன்னலில் தெரியும். அதன் பெயர் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தண்ணி மட்டும் மறக்காம எடுத்துக்கோங்க!